உணர்ச்சி கட்டு மீறும் மாணவர்கள்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பணிபுரியும் ஆசிரியர்கள் பயிற்சி நாள்களிலும் உணவு இடைவேளைகளிலும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் நின்றவள் என்ற முறையில், நாற்பது பிள்ளைகளும் ஒரே ஓர் ஆசிரியரும் இருக்கும் அறையில் செய்யக்கூடியவற்றை மட்டுமே விடைகளில் சொல்ல முயன்றிருக்கிறேன்.

உணர்ச்சி கட்டு மீறுதல் என்று எதைச் சொல்கிறோம்?

கோபம், அச்சம், அவமானம், ஏமாற்றம் ஆகியவை எல்லாப் பிள்ளைகளுக்கும் வருபவை. வந்த உணர்ச்சி, அதைத் தூண்டிய நிகழ்வுக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிதாகி, நெடுநேரம் தணியாமல், படிப்பையும் நட்பையும் திரும்பத் திரும்பக் குலைத்தால் அதையே கட்டு மீறுதல் என்கிறோம். தன் பேனாவை இன்னொருவன் எடுத்துவிட்டான் என்று ஒரு மாணவன் முகம் சுளிப்பது இயல்பு. அதே பேனாவுக்காகப் பையை வீசி, பெஞ்சை உதைத்து, அரை மணி நேரம் கழிந்த பிறகும் உடல் நடுங்க நிற்கிறான் என்றால், ஏறிய கொதிப்பிலிருந்து தானாக இறங்கி வர அவனுக்கு இன்னும் தெரியவில்லை என்று பொருள்.

இது ஒரு நோயின் பெயர் அன்று. கவனக்குறைவுக் கோளாறு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, பதற்றம், மனச்சோர்வு, வீட்டில் நடக்கும் வன்முறை, அண்மையில் நேர்ந்த இறப்பு, தூக்கமின்மை, வெறும் பசி என்று பல வேர்களிலிருந்து இந்த ஒரே நிலை முளைக்கலாம். ஆகவே ஆசிரியர் தாமாகவே ஒரு நோய்ப் பெயரைச் சூட்டிவிடக் கூடாது.

வேண்டுமென்றே அடம் பிடிப்பதையும் இதையும் எப்படிப் பிரித்தறிவது?

அடம் பிடிக்கும் பிள்ளை நம் முகத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ளும். கேட்டது கிடைத்ததும் நின்றுவிடும். கட்டு மீறிய பிள்ளையோ கேட்டதைக் கையில் கொடுத்தாலும் நிற்காது. யார் பார்க்கிறார்கள் என்ற நினைவும், தனக்கு அடிபடுமே என்ற எச்சரிக்கையும் அதற்கு இராது. ஆனால் இந்தப் பிரிவினையை நான் பெரிதாக நம்புவதில்லை. அடமாகத் தொடங்கியது சில நிமிடங்களில் உண்மையான கொதிப்பாக மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எதுவாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது அமைதிப்படுத்துவதுதான் என்பதால், அந்த நிமிடத்தில் இந்த ஆராய்ச்சி தேவைப்படுவதில்லை.

அப்போது பிள்ளையின் உடலில் என்ன நடக்கிறது?

ஆபத்து என்று மூளை உணர்ந்ததும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் இறுகுகின்றன. மூளையின் ஆழத்தில் இருக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதி இந்த எச்சரிக்கையை எழுப்புவதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. அதைத் தணித்து, விளைவை எண்ணிப் பார்த்து, நாவை அடக்கும் வேலை நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதியைச் சேர்ந்தது. அந்தப் பகுதி இருபத்தைந்து வயதையொட்டியே முழு வளர்ச்சி அடைகிறது. பதின்மூன்று வயதுப் பையனிடம் கொதிப்பின் உச்சியில் "யோசித்துப் பேசு" என்று கட்டளையிடும்போது, இன்னும் முழுதாகக் கட்டி முடிக்காத, போதாததற்கு அந்த நேரத்தில் அடைபட்டும் கிடக்கிற ஒரு வழியில் அவனை நடக்கச் சொல்கிறோம். சுரந்த பொருள்கள் உடலிலிருந்து வடிவதற்கும் நேரம் வேண்டும். முகம் தெளிந்ததாகத் தெரிந்தவுடனே விசாரணையைத் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டாவது வெடிப்பையே காண்போம்.

அந்த நிமிடத்தில் ஆசிரியர் செய்ய வேண்டியது என்ன?

முதலில் நம் கால்களை நிறுத்திக்கொள்ள வேண்டும். சத்தம் கேட்டவுடன் விரைந்து சென்று பிள்ளையின் முன்னால் நிமிர்ந்து நிற்பது நம் பழக்கம். கொதித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்த உருவமே இன்னோர் ஆபத்தாகத் தெரியும். மெதுவாக நடந்து, நேருக்கு நேராக அல்லாமல் சற்றுப் பக்கவாட்டில், இரண்டு கை தூரத்தில் நில்லுங்கள். முடிந்தால் பெஞ்சின் ஓரத்தில் அமர்ந்து உங்கள் கண் அவன் கண்ணுக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். குரலைத் தாழ்த்துங்கள். அவன் எவ்வளவு உரக்கக் கத்துகிறானோ அவ்வளவு தாழ்ந்த குரலில் பேசினால், அதைக் கேட்பதற்காகவாவது அவன் சத்தம் ஒரு நொடி குறையும்.

சொற்கள் மிகக் குறைவாக இருக்க வேண்டும். "நான் இங்கேதான் இருக்கிறேன்." "ரொம்பக் கோபமா இருக்கு, தெரியுது." "இப்போ பேச வேண்டாம், அப்புறம் பேசலாம்." இவற்றுள் ஒன்றைச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். ஒரே கேள்வியைக் கேட்பதானால் ஆம், இல்லை என்று தலையசைத்தே விடை சொல்லக்கூடிய கேள்வியாக இருக்கட்டும்: தண்ணீர் வேண்டுமா, வெளியே மரத்தடியில் நிற்கலாமா என்பவை போதும். தெரிவு இரண்டுக்கு மேல் வேண்டாம்.

மூச்சுப் பயிற்சி உதவும். ஏனெனில் மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீட்டும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. ஆனால் கொதிப்பின் நடுவில் "மூச்சை நன்றாக இழு" என்று சொல்லிப் பயனில்லை. வகுப்பு முழுவதும் அன்றாடம் காலையில் இரண்டு நிமிடம் செய்து பழகியிருந்தால் மட்டுமே அந்தப் பழக்கம் அவசரத்தில் கைகொடுக்கும். பழகாத பிள்ளையிடம், ஒன்றும் சொல்லாமல் நீங்கள் காதில் கேட்கும்படி நீளமாக மூச்சு விடுங்கள். பிள்ளைகள் அருகில் இருப்பவரின் உடலையே பின்பற்றுகிறார்கள். அவனுடைய அமைதி நம்மிடமிருந்து கடன் வாங்கப்படுவது என்பதை நான் மெதுவாகத்தான் கற்றுக்கொண்டேன்.

அப்போது எதைச் சொல்லக் கூடாது?

"அம்மாவை வரச் சொல்", "டி.சி. கொடுத்துவிடுவேன்", "உன் அண்ணனும் இப்படித்தான் இருந்தான்", "ஆம்பளப் பிள்ளை அழலாமா" ஆகிய நான்கையும் முற்றாக விட்டுவிடலாம். காரணம் கேட்பதையும் தள்ளிப்போடுங்கள். ஏன் செய்தாய் என்ற கேள்விக்கு அந்த நேரத்தில் பிள்ளையிடமே விடை இருக்காது.

மற்ற நாற்பது பேரை என்ன செய்வது? எல்லோரும் வேடிக்கை பார்க்கிறார்கள்.

இதுதான் நம் வகுப்பறைகளில் மிகப் பெரிய சிக்கல். பார்வையாளர்கள் இருக்கும்வரை கொதிக்கும் பிள்ளைக்கு இறங்கி வர இடமில்லை. இறங்கினால் தோற்றதாகிவிடும் என்று அவன் நினைக்கிறான். ஆகவே பிள்ளையை வெளியே இழுப்பதைவிடக் கூட்டத்தின் கண்களை வேறு பக்கம் திருப்புவது எளிது. இதற்காக ஆண்டின் தொடக்கத்திலேயே ஒரு வேலையைப் பழக்கி வைத்திருங்கள். கரும்பலகையில் ஒரு குறிப்பிட்ட சொல்லை எழுதினால் எல்லோரும் நோட்டை எடுத்து அன்றைய பாடத்தைப் பார்த்து எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வேலை எதுவாக இருந்தாலும், விளக்கம் தேவைப்படாததாக இருக்க வேண்டும். வகுப்புத் தலைவரை அடுத்த அறைக்கு அனுப்பி இன்னோர் ஆசிரியரை அழைத்துவரும் ஏற்பாட்டையும் முன்கூட்டியே அந்த ஆசிரியரிடம் பேசி முடித்திருக்க வேண்டும்.

கொதிப்பு முடிந்த பிறகு மற்றவர்களிடமும் இரண்டு வாக்கியம் பேசுவது அவசியம். பயந்துபோன பிள்ளைகளும் அங்கே இருப்பார்கள். "அவனுக்கு இன்று கடினமான நாள், நமக்கும் அப்படி நாள்கள் வரும்" என்பது போதும். அவன் வீட்டுக் கதையை வகுப்பில் அவிழ்க்கக் கூடாது.

பொருள்களை எறிகிறான், அடிக்கிறான். கையைப் பிடித்து நிறுத்தலாமா?

அவனுக்கோ இன்னொருவருக்கோ உடனடியாகக் காயம் ஏற்படும் என்ற நிலையில் மட்டும், காயம் தடுக்கப்படும் அளவுக்கு மட்டும், அந்த நொடிகளுக்கு மட்டும் தடுக்கலாம். மற்ற எல்லா நேரங்களிலும் பிள்ளையைப் பிடிப்பதைவிட மற்றப் பிள்ளைகளை அப்புறப்படுத்துவதே பாதுகாப்பு. கவராயம், கத்தரிக்கோல் போன்றவை எட்டும் தூரத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தரையில் அழுத்திப் பிடிப்பதும், அறையில் பூட்டி வைப்பதும் எக்காரணத்தாலும் கூடாது. மூச்சுத் திணறலுக்கும் ஆறாத அச்சத்துக்கும் அவை இட்டுச்செல்லும். கை வைக்க நேர்ந்தால், நடந்ததை அன்றே எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டு, பெற்றோருக்கு நீங்களே முதலில் தெரிவித்துவிடுங்கள்.

தண்டிக்காமல் விட்டால் மற்றவர்களும் கெட்டுப்போக மாட்டார்களா?

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. மீறுபவர் மீது பணி விதிகளின்படி நடவடிக்கை எடுக்கவும் வழி செய்கிறது. வெயிலில் நிற்க வைப்பதும், முட்டி போடச் சொல்வதும், வகுப்பின் முன்னால் பட்டப்பெயர் சொல்வதும் இந்தத் தடைக்குள் அடங்குபவை என்றே கொள்ள வேண்டும்.

ஆனால் சட்டத்துக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. நீந்தத் தெரியாமல் மூழ்குகிறவனை அடித்து நீச்சல் கற்பிக்க முடியாது. தண்டிக்காமல் இருப்பது விட்டுவிடுவதாகவும் ஆகாது. உடைத்ததைச் சரிசெய்வது, சிதறியதை எடுத்து வைப்பது, அடிபட்டவனிடம் தானே சென்று பேசுவது, இழந்த பாடத்தை எழுதி முடிப்பது ஆகிய பொறுப்புகள் அவனுக்கு உண்டு. அவற்றை அவன் அமைதியான பிறகு, தனியாக, நாமும் அருகில் நின்று செய்ய வைக்க வேண்டும். ஒருமுறை ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் சக மாணவியின் புவியியல் படத்தைக் கிழித்துவிட்டான். இரண்டு நாள் உணவு இடைவேளையில் அமர்ந்து அந்தப் படத்தை அவன் மீண்டும் வரைந்து கொடுத்தான். அதற்குப் பிறகும் அவன் கோபப்பட்டான்; ஆனால் வேறொருவர் உழைப்பின் மேல் அவன் கை அந்த ஆண்டில் மீண்டும் விழவில்லை.

எங்கள் பள்ளியில் தனி அறை இல்லை. அமைதியான இடத்துக்கு எங்கே போவது?

அறை வேண்டியதில்லை. கடைசி பெஞ்சின் சன்னல் ஓரம், தாழ்வாரத்தில் நம் கண்ணுக்குத் தெரியும் ஒரு தூண், வேப்பமரத்தடித் திண்ணை ஆகிய எதுவும் ஆகும். ஒரு குவளைத் தண்ணீர், கிறுக்குவதற்குப் பழைய தாள், கையில் பிசைய ஈரக் களிமண் இருந்தால் நல்லது. அந்த இடம் தண்டனைக்குரிய மூலையாக ஒருபோதும் பயன்படக் கூடாது. ஒரே ஒருமுறை தண்டனையாக அங்கே அனுப்பினாலும் பிறகு எந்தப் பிள்ளையும் தானாக அங்கே போகாது. நல்ல நாளில் எல்லாப் பிள்ளைகளையும் அங்கே ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பழக்குங்கள்.

கத்துவதில்லை, அழுவதுமில்லை, அப்படியே உறைந்துவிடுகிறாள். இதுவும் அதுதானா?

அதுவேதான். பெரும்பாலும் யாரும் கவனிக்காமல் போவதும் இந்தப் பிள்ளைகளையே. தலையை மேசையில் கவிழ்த்துக்கொள்வது, பெயர் சொல்லி அழைத்தாலும் நிமிராதது, நகத்தால் கையைக் கீறிக்கொள்வது, அடிக்கடி வயிற்றுவலி என்று வீட்டுக்குப் போகக் கேட்பது ஆகியவை உள்ளே நடக்கும் வெடிப்பின் அடையாளங்கள். வகுப்புக்குத் தொல்லை இல்லை என்பதால் இவர்களை நல்ல பிள்ளைகள் என்று எழுதிவிடுகிறோம். இவர்களை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்காதீர்கள். பக்கத்தில் சென்று, மேசையில் விரலால் மெதுவாக ஒருமுறை தட்டி, ஒரு துண்டுத் தாளை வைத்துவிட்டு வாருங்கள், எழுதினால் எழுதட்டும். பேச்சு வராத நேரத்தில் எழுத்து வருவதுண்டு. வழக்கமாக விழிப்போடு இருக்கும் பிள்ளை சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோலத் தொடர்வது திரும்பத் திரும்ப நடந்தால், அது ஒருவகை வலிப்பாகவும் இருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

வெடிப்பதற்கு முன்பே தடுக்க வழி உண்டா?

உண்டு; நம் உழைப்பில் பெரும்பகுதியை இங்கேதான் செலவிட வேண்டும். ஒரு சிறு நோட்டில் இரண்டு வாரம் குறித்து வையுங்கள்: எந்த நாள், எந்த பீரியட், அதற்கு முன் என்ன நடந்தது, யார் அருகில் இருந்தார்கள், எவ்வளவு நேரம் நீடித்தது, எப்படி முடிந்தது. "எப்போது பார்த்தாலும் சண்டை" என்று ஆசிரியர் அறையில் சொல்லப்படும் பிள்ளையின் நோட்டை விரித்தால், உரக்கப் படிக்கச் சொல்லும் மொழிப் பாடவேளையிலும், திங்கள்கிழமை காலையிலும் மட்டுமே அது நடந்திருப்பது தெரியவரும். முதலாவது, எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாததை மறைக்கும் முயற்சியாக இருக்கலாம். இரண்டாவது, விடுமுறையில் வீட்டில் நடப்பதைக் காட்டலாம். காரணம் தெரிந்துவிட்டால் மாற்றம் எளிது. படிக்கப்போகும் பத்தியை முந்தின நாளே தனியாகக் கொடுத்துவிடலாம். திங்கள் காலை முதல் வேலையாகக் கரும்பலகையைத் துடைக்கும் பொறுப்பைக் கொடுக்கலாம்.

பசியையும் தூக்கத்தையும் நேராகக் கேளுங்கள். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்த அளவு, 6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரம். கைப்பேசியோடு நள்ளிரவுவரை விழித்திருக்கும் பிள்ளைக்கு இந்த அளவு கிடைப்பதில்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கானது. அதனால் ஆறாம் வகுப்புக்கு மேல் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளை மதிய உணவுவரை காத்திருக்கிறது. பதினொரு மணிச் சண்டைகளில் சில, ஒரு பொட்டலம் பொட்டுக்கடலையில் தீர்ந்துபோனதை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கால அட்டவணை மாறும் நாள், ஆசிரியர் விடுப்பில் இருக்கும் நாள், ஆண்டுவிழா ஒத்திகை நாள் ஆகியவற்றை இத்தகைய பிள்ளைகளுக்கு முந்தின நாளே சொல்லிவிடுவதும் பெரிய உதவி.

உணர்ச்சிகளை அடையாளம் காண எப்படிக் கற்பிப்பது?

பெயர் தெரியாத உணர்ச்சி கையாலும் காலாலும்தான் வெளிவரும். 2007-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் மாத்யூ லீபர்மனும் சக ஆய்வாளர்களும், முகப் படங்களில் தெரியும் உணர்ச்சிக்குப் பெயர் சூட்டச் சொன்னபோது பெரியவர்களின் அமிக்டலாவின் எழுச்சி குறைவதைக் காட்டினார்கள். ஆய்வுக்கூட முடிவை வகுப்பறைக்கு அப்படியே கொண்டுவர முடியாது என்றாலும், அது நம் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

இதற்குத் தேவையான கருவி நம் தமிழ்ப் பாடத்திலேயே இருக்கிறது. உள்ளத்து உணர்ச்சி உடலில் தோன்றுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக வகுத்தது நம் இலக்கண மரபு. அழுகைக்கு அது சொல்லும் காரணங்கள் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழிவுபடுத்தப்பட்டது, இழந்தது, தளர்ந்துபோனது, இல்லாமை. அழும் ஒரு பிள்ளையின் முன்னால் நின்று இந்த நான்கையும் மனத்துக்குள் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

மாணவர்களுக்கு இதை எளிமையாக்கி, வாரம் ஒரு நாள் பத்து நிமிடம் ஒதுக்கலாம். கோபம் வரும்போது உடலில் முதலில் எங்கே தெரிகிறது என்று கேளுங்கள். காது சூடாகிறது, கை குறுகுறுக்கிறது, தொண்டை அடைக்கிறது என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். கோபம், எரிச்சல், ஆத்திரம், மனத்தாங்கல், ஏக்கம், பொறாமை, கூச்சம் ஆகிய சொற்களுக்குள் உள்ள வேறுபாட்டை அவர்கள் வாழ்க்கையிலிருந்தே சொல்ல வையுங்கள். "மிஸ், இது கோபம் இல்ல, ஏமாத்தம்" என்று ஒரு மாணவி திருத்திச் சொன்ன நாளை நான் மறக்கவில்லை.

பெற்றோரிடம் எப்படிப் பேசுவது? சொன்னால் வீட்டில் அடி விழுகிறதே.

அந்த அச்சம் நியாயமானது. ஆகவே முதல் சந்திப்பு புகாருக்காக இருக்கக் கூடாது. பிள்ளை நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்வதற்காக ஒருமுறை அழையுங்கள். இரண்டாவது முறை பேசும்போது அவர்கள் தற்காப்போடு நிற்க மாட்டார்கள். "உங்கள் பையன் கெட்டவன்" என்று கேட்டுக் கேட்டுச் சலித்த தாயிடம், "வீட்டில் இவன் கோபப்பட்டால் எதைச் செய்தால் தணிகிறான், எனக்குச் சொல்லுங்கள் அம்மா" என்று கேட்டுப் பாருங்கள். கூலி வேலை விட்டு வரும் பெற்றோரை வேலை நேரத்தில் அழைத்துக் காக்க வைக்க வேண்டாம். அடிக்க மாட்டேன் என்ற உறுதியை, பிள்ளை இல்லாத இடத்தில், நேராகவே கேட்டு வாங்குங்கள்.

எப்போது வெளி உதவியை நாட வேண்டும்?

தன்னையோ பிறரையோ காயப்படுத்துதல், சாவைப் பற்றிப் பேசுதல் அல்லது எழுதுதல் ஆகியவை தெரிந்தால் அன்றே நாட வேண்டும். அந்தப் பிள்ளையைத் தனியே விடக் கூடாது. மற்றவற்றில், மேற்சொன்ன மாற்றங்களைச் சில வாரங்கள் தொடர்ந்து செய்தும் குறையவில்லை என்றால் நாடலாம். கண், காது, இரத்தசோகை, வலிப்பு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் பெயரைச் சொல்லுங்கள். கற்றல் குறைபாடோ ஆட்டிசமோ இருக்கலாம் என்று தோன்றினால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை அழையுங்கள். இவை இரண்டும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றவை. மனநல மருத்துவரை மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிப் பார்க்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி வழி மனநல உதவிச் சேவையின் எண் 14416. குழந்தைகள் உதவி எண் 1098.

பாலியல் துன்புறுத்தல் என்ற ஐயம் எழுந்தால் நிலைமை வேறு. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காமல் இருப்பது குற்றம். பிள்ளையைத் துருவித் துருவி விசாரிக்காமல், சொன்னதைச் சொன்னபடியே எழுதி வைத்துக்கொண்டு, யாருக்கும் சொல்ல மாட்டேன் என்ற பொய் வாக்குறுதியைக் கொடுக்காமல் செயல்பட வேண்டும்.

எனக்கே கோபம் தலைக்கேறுகிறதே, என்ன செய்வது?

ஏறும். ஐந்து பீரியட் தொடர்ந்து நின்று, வீட்டுக் கவலையும் தலையில் இருக்கும்போது ஒரு பிள்ளை முகத்துக்கு நேராகக் கெட்ட வார்த்தை சொன்னால் யாருக்கும் ஏறும். அந்த நேரத்தில் வாய் திறக்காமல் கரும்பலகைப் பக்கம் திரும்பித் தேதியை மெதுவாக எழுதுங்கள். அதற்குள் ஒரு நீண்ட மூச்சு கிடைத்துவிடும். முடியவில்லை என்றால் பக்கத்து வகுப்பு ஆசிரியரை அழைத்து இரண்டு நிமிடம் வெளியே நில்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மீறிக் கத்திவிட்டால் மறுநாள் அந்தப் பிள்ளையிடம் "நேற்று நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று சொல்லுங்கள். மரியாதை குறைந்துவிடும் என்று நானும் ஒரு காலத்தில் அஞ்சினேன், குறையவில்லை.

ஆண்டு முடிந்து பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போகிறது. என்ன செய்ய வேண்டும்?

புதிய வகுப்பாசிரியருக்கு அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள். பழைய குற்றங்களின் பட்டியல் அதில் வேண்டாம். எது தூண்டுகிறது, தொடங்குவதற்கு முன் உடலில் என்ன தெரியும், எதைச் செய்தால் தணியும், எந்த இடத்தில் உட்கார விரும்புகிறான், எதில் கெட்டிக்காரன் என்ற ஐந்தும் இருக்கட்டும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முதல் நாள் காலையில், வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும், அவனைப் புதிய வகுப்பு வாசல்வரை நீங்களே அழைத்துச் சென்று விட்டு வாருங்கள்.